ஞாயிற்றுக்கிழமைக் குரல்

இதை நான் பல வருஷமாக முழுசாக நம்பியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. நம்பாததை ஏன் முன்பின் தெரியாத ஆளிடம் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். உங்கள் மடியில் இருக்கிற ஸ்கேன் கவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். மதுரையில் இத்தனை பெரிய கவர் கொடுக்கிற ஆஸ்பத்திரி எனக்குத் தெரியும். யாருக்கு, அப்பாவுக்கா? அம்மாவுக்கா. கை நடுக்கமா? நினைத்தேன். கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உட்காருங்கள். அந்தக் காதும் நல்ல காதுதான். பஸ் சத்தத்தில் இது கொஞ்சம் வசதி.

மூளைக்குள் வயர் வைக்கிற ஆபரேஷன் என்று சொல்லியிருப்பார்கள். பயப்படாதீர்கள். நல்ல ஆபரேஷன். என் அண்ணனுக்கும் அதுதான் செய்தார்கள். என் கண்ணால் பார்த்தேன், டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாத மனுஷன், ஊசியில் நூல் கோத்தார். நான் சொல்ல வந்தது ஆபரேஷனைப் பற்றி இல்லை. அண்ணன் கீழே விழுந்த அன்றைக்கு மத்தியானம், விழுவதற்கு முன்னால், என்னைப் பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார் என்று மதினி சொல்கிறார். நான் முன் அறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. மதினி இதைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னார். அப்புறம் வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னார். என்னை வைத்துக்கொண்டே சொல்வார். கோபமாகக் கூட இல்லை. மழை பெய்தது என்கிற மாதிரி.

அண்ணன் பேர் சங்கரலிங்கம். என் பேர் கோமதிநாயகம். சங்கரன்கோவில் ஆட்கள் என்று பேரிலேயே தெரிந்துவிடும். அண்ணன் முன்சீப் கோர்ட்டில் டவாலி. நீங்கள் கோர்ட்டுக்குப் போனதுண்டா? போகாதவரைக்கும் நல்லது. நீதிபதி ஒரு வழக்கை எடுத்ததும் வாசலில் நின்று ஆளின் பேரைக் கூப்பிடுவாரே, அவர்தான் டவாலி. மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவைக்கும் ஆள் வராவிட்டால், வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் ஓடிவந்து அழுதாலும் தீர்ந்தது. நாலாவது தடவை கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. "நாலு தடவை கூப்பிட்டா அது கோர்ட் இல்லலே, சந்தை" என்பார்.

அண்ணன் குரல் ரோட்டைத் தாண்டி டீக்கடை வரைக்கும் போகும். டீக்கடையில் வழக்குக் கட்சிக்காரன் யாராவது கிளாஸோடு நிற்பதைப் பார்த்துவிட்டால், மூன்றாவது தடவையை இழுத்துக் கூப்பிடுவார். "மாரியப்பாஆஆ" என்று ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டே இருப்பார். அவன் கிளாஸை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து படியேறுகிற வரைக்கும் அந்த ஒரு பேர் முடியாது. நீதிபதிக்கும் தெரியும். சிரித்துக்கொண்டு குனிந்துகொள்வார்.

அந்த மனுஷனுக்குக் கை ஆட ஆரம்பித்தது. அப்புறம் கால் ஒட்டிக்கொண்டது. வாசற்படிக்கு முன்னால் வந்து நிற்பார், தரையில் பசை போட்ட மாதிரி. மாத்திரையில் சில வருஷம் ஓடியது. அப்புறம்தான் இந்த ஆபரேஷன்.

ஆபரேஷன் நடக்கும்போது ஆளை முழிக்க வைத்திருப்பார்கள், சொன்னார்களா? மண்டையில் துளை போட்டு வயரை இறக்கி, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே, கையைத் தூக்குங்கள், ஏதாவது பேசுங்கள் என்பார்கள். டாக்டரம்மா பேசச் சொன்னதும் அண்ணன், மயக்க மருந்து டாக்டரின் பேரைக் கேட்டுக்கொண்டு, கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டிருக்கிறார். அவரும் "ஆஜர்" என்றாராம். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. கரண்டைக் கூட்டக் கூட்ட, மூன்றாவது தடவை கூப்பிடும்போது பேர் குழைந்துபோய்விட்டதாம், களி கிண்டின மாதிரி. டாக்டரம்மா உடனே குறைத்திருக்கிறார். வெளியே வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. "இவருக்குப் பேச்சு முக்கியம் இல்லையா" என்று கேட்டார். எல்லாருக்கும் முக்கியம்தானே என்றேன்.

நெஞ்சுத் தோலுக்குள்ளே ஒரு பெட்டி வைப்பார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்கு ஒரு ரிமோட். கரண்டைக் கூட்டினால் கை நிற்கிறது, நடை வருகிறது, ஆனால் பேச்சு போகிறது. சத்தம் சின்னதாகி, வார்த்தை ஒன்றோடு ஒன்று ஒட்டி, யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. குறைத்தால் பேச்சு தெளிகிறது, கையும் காலும் பழையபடி. எல்லாருக்கும் இப்படி ஆகாது என்றார்கள். உங்கள் அம்மாவுக்கு ஆகாமலும் இருக்கலாம். அண்ணனுக்கு ஆனது. டாக்டரம்மா பல தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் ரிமோட்டில் இரண்டு வைத்துக் கொடுத்தார். ஒன்று நடைக்கு, இரண்டு பேச்சுக்கு. எது எப்போது வேண்டும் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

அந்த அறையிலேயே இரண்டை அழுத்திக் காட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அண்ணன் கை தொடைமேல் துள்ள ஆரம்பித்தது. தொண்டையைச் செருமினார். எத்தனையோ மாசம் கழித்து அந்தக் குரல் வருகிறது தம்பி, என்ன சொல்லப் போகிறாரோ என்று மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏலே நாயகம்," என்றார். "சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கே. காலையிலேருந்து சொல்லுதேன், ஒருத்தனுக்கும் விளங்கல."

அப்புறம் டாக்டரம்மாவிடம், "இதையே வச்சிருங்கம்மா. எனக்கு இது போதும்" என்றார்.

சொல்லலாம். அவருக்குச் சொல்வதற்கு என்ன? எழுந்திருந்து அந்த அறை வாசலைத் தாண்ட முடியவில்லை. நானும் ஒரு ஆளும் கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. கார் ஏறுவதற்கு முன்னால் நானே ஒன்றை அழுத்தினேன். ஜம்மென்று நடந்து வந்து ஏறினார். இத்தனை பாடுபட்டு ஆபரேஷன் செய்தது நடக்கத்தானே?

நான் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். மெயின் ரோட்டில் கடை. ஒரு மிஷினை யாரும் சத்தத்துக்காக வைத்துக்கொள்வதில்லை. அது வேலை செய்ய வேண்டும். என்ன கேட்டீர்கள்? ரிமோட்டா? என் சட்டைப்பையில்தான் இருக்கும். வேறு எங்கே இருக்கும்? அண்ணனிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார். மதினி ஒரு தடவை கேட்டார். "எங்கிட்டயே குடுத்து வைங்க தம்பி, அவுக என்னமோ சொல்லத் தவிக்காக, எனக்குப் பாதி விளங்கல" என்றார். கரண்டு சமாச்சாரம் மதினி, நீங்கள் தெரியாமல் அழுத்தி ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த தெருதானே என் வீடு. வேண்டும் என்றால் கூப்பிட வேண்டியதுதானே.

அதற்குத்தான் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. சாயங்காலம் போய், அண்ணனை நாற்காலியில் பத்திரமாக உட்காரவைத்து இரண்டை அழுத்துவேன். இருட்டுகிற வரைக்கும் பேசலாம். போகும்போது ஒன்றை அழுத்திவிட்டு வருவேன். வாரத்துக்கு ஒரு நாள் குறை வைக்காமல் செய்தேன். அண்ணனும் அதற்குப் பழகிவிட்டார். என்னைப் பார்த்ததும் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொள்வார், கோர்ட்டுக்குப் போகிற மாதிரி. "இன்னைக்கு வாய்தா நாள்" என்பார். வாய்தா என்றால் கோர்ட்டில் தள்ளிப்போட்டுக் கொடுக்கிற தேதி. அவருக்கு எல்லாமே கோர்ட்தான்.

வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததை அன்றைக்குச் சொல்வார். பெரிய விஷயம் எல்லாம் இல்லை.

"ஏளா உலகு, செவ்வாக்கிழமை ரசத்துல உப்பு இல்ல."

உலகம்மாள் என்பது மதினி பேர். "அதை இன்னைக்குச் சொல்லுதீகளே," என்பார் மதினி. "நாளு அஞ்சாச்சு, ரசம் எங்க போச்சோ."

"இன்னைக்குத்தானே என் கேஸு வருது."

அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கை ஒரு பக்கம் நாற்காலிப் பிடியில் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அதைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாமல்தான் சில நாள் இருட்டுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவேன்.

மற்ற நாளில் அவர் பேசுவது மதினிக்கு மட்டும் கொஞ்சம் புரியும். உதட்டையே பார்த்துக்கொண்டு பழகிவிட்டார். அடுக்களையிலிருந்துகொண்டே, "என்ன, கண்ணாடியா? வாரேன்" என்பார். எனக்கு அந்த இடத்தில் சத்தம் ஒன்றும் வந்ததாகவே தெரியாது. ஆனால் பேச வேண்டும் என்று இருந்தால் அண்ணன் மதினியைக் கூப்பிடமாட்டார். என்னைத்தான் கூப்பிடுவார். வாயால் முடியாவிட்டால் தன் சட்டைப்பையை விரலால் தட்டிக் காட்டுவார்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தவறியது. தென்காசியிலிருந்து சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் நடக்கிறார் என்று கேள்விப்பட்டு நம்பாமல் வந்தவர்கள். முன் வாசலிலிருந்து பின்வாசல் வரைக்கும் நடக்கவைத்துக் காட்டினேன். திரும்பி வரச் சொன்னேன். இன்னொரு தடவை நடக்கச் சொன்னேன். ஒரு அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அண்ணன் ஒவ்வொரு தடவையும் என் பக்கத்தில் வந்து நின்று சட்டைப்பையைத் தட்டினார். அவர்கள் முன்னால் இரண்டை அழுத்தினால் என்ன ஆகும்? கை ஆடும், கால் ஒட்டும், இதற்குத்தான் இந்தப் பாடா என்பார்கள். "அடுத்த வாரம் பாத்துக்கிடுவோம் அண்ணே" என்றேன். என்னவோ முனகினார்.

மதினி சொன்னார்: "ஏலே, வாய்தாவான்னு கேக்காக."

எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த வாரம்தான் விழுந்தார். ஞாயிறு வருவதற்கு முன்னால்.

மதினி துணி எடுக்க வேண்டும், கொஞ்சம் தலையைச் சாய்க்க வேண்டும் என்றால் நான் மத்தியானம் போய் அங்கே இருப்பேன். சும்மா உட்காரமாட்டேன், ஏதாவது ஒரு மிஷினைக் கொண்டுபோய் முன் அறையில் வைத்துப் பிரித்துப் பார்ப்பேன். அன்றைக்கு ஒரு மிக்ஸி, கல்யாண வீட்டுக்காரர்களுடையது, சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். அண்ணன் பின் அறையில் ஜன்னல் பக்கம் நாற்காலியில். இரண்டு அறைக்கும் நடுவில் பட்டாசாலை, கூடம் மாதிரி, கதவெல்லாம் திறந்திருந்தது. மதினி மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனார். மாடிப்படி பின்முற்றத்தில். இதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மிக்ஸியை ஓட்டினேனா என்று கேட்கிறீர்களா? ஓட்டிப் பார்க்காமல் எப்படிக் கொடுக்க முடியும்? கொஞ்ச நேரம்தான் ஓடியிருக்கும். கொஞ்ச நேரம்தான்.

அண்ணன் எழுந்து தானாக நடந்து பின்முற்றத்துக்குப் போய், தொட்டிப் பக்கம் ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். "தம்பி, ஓடி வாங்க" என்று மதினி கத்தினார். முதல் சத்தத்திலேயே ஓடினேன். பாருங்கள், கேட்கிற காதுதான்.

இடுப்பு எலும்பு. படுத்த படுக்கை. அப்புறம் நெஞ்சில் சளி. ஐ.சி.யு.வில் நானே ரிமோட்டில் இரண்டை அழுத்தினேன், என்ன சொல்ல நினைத்தாரோ சொல்லட்டும் என்று. கை ஆடியது. முகமூடிக்குள் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன். மூச்சுச் சத்தம்தான் வந்தது. எரிப்பதற்கு முன்னால் நெஞ்சிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவிட வேண்டும், தீயில் வெடிக்கும் என்றார்கள். எடுத்தார்கள். ரிமோட்டை யாரும் கேட்கவில்லை. கடையில் இருக்கிறது. செல் தீர்ந்தால் மாற்றி வைக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அழுத்தினால் கொஞ்ச நேரம் தேடுகிறது. அப்புறம், கிடைக்கவில்லை என்று காட்டுகிறது.

நான் ஏன் மதினி சொன்னதை நம்பவில்லை என்றால், காரணம் இருக்கிறது. மூன்று தடவை கூப்பிட்டாராம், மூன்றாவது தடவை இழுத்துக் கூப்பிட்டாராம். எப்படி முடியும்? ரிமோட் ஒன்றில் இருக்கிறது. ஒன்றில் இருக்கும்போது அவருக்கு இழுப்பதற்கு மூச்சே கிடையாது. இது மிஷின் விஷயம். மிஷின் பொய் சொல்லாது. மதினி துக்கத்தில் கோர்ட்டையும் வீட்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார் என்று வைத்துக்கொண்டேன். இல்லையென்றால், ஆஸ்பத்திரியில் அண்ணன் உதட்டசைவில் ஏதோ சொல்ல, இவர் அப்படிப் புரிந்துகொண்டிருப்பார்.

இருந்தாலும் சும்மா இருக்க முடிகிறதா? ஒரு நாள் மதினி கோவிலுக்குப் போயிருந்தபோது, ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டுபோய் அண்ணன் நாற்காலியில் வைத்தேன். அவர் சத்தம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுக்கு வைத்தேன். அது எவ்வளவு என்று யோசித்து யோசித்து, குறைத்து, இன்னும் குறைத்து. பிறகு முன் அறையில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்டது தம்பி. நன்றாகவே கேட்டது. உரம் போடுவதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். ஆக, அண்ணன் கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். கேட்காததால் கூப்பிடவில்லை. மிக்ஸியை ஓட்டியும் ஒரு தடவை பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மதினி வந்துவிட்டார். நாற்காலியில் ரேடியோ பேசுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கடையில் மோட்டாரை ஓட்டிவிட்டு நிறுத்துகிறேன் பாருங்கள், நின்றதும் ஒரு அமைதி வரும், அந்த அமைதிக்குள் யாரோ கூப்பிட்டு அப்போதுதான் முடித்த மாதிரி இருக்கும். கூப்பிட்டது இல்லை. கூப்பிட்டு முடித்தது. எழுந்து வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்ப்பேன். எதிர்க்கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்களா?" என்று கேலி பண்ணுவார். இப்போதெல்லாம் அவரும் கேட்பதில்லை. பகலில்தான் இது. படுத்தால் நன்றாகத் தூங்கிவிடுவேன்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வரும். நான் நம்பாமல் இருப்பது அது பொய் என்பதாலா, உண்மையாக இருந்தால் தாங்காது என்பதாலா? இதற்கு எந்த மிஷினை வைத்துச் சோதித்துப் பார்ப்பது? சொல்லுங்கள். நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள்.

மதினியிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே.

இன்றைக்குத்தான் கேட்டேன். மதினியைப் பார்க்கத்தான் மதுரை வந்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன், புரை எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கிடையாது, தங்கை மகள்தான் கூட இருக்கிறாள். அவள் சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணையும் மூடிக்கொண்டு மதினி படுத்திருந்தார். வந்திருப்பது நான்தான் என்று சொன்னேன். "வாங்க தம்பி" என்றார். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன என்று எதற்கோ கேட்டார். மதினி ஆரம்பித்துவிட்டார். ஆபரேஷன், நடை, ஞாயிற்றுக்கிழமை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "இந்தத் தம்பியைத்தான் கூப்பிட்டாக" என்றார். "மூணு தடவை. நாயகம், நாயகம்னு. மூணாவது தடவை இழுத்து. சத்தம் பூனைக்குட்டி மாதிரிதான், ஆனா இழுத்தாக. ரெண்டாவது படியில துணியோட நிக்கேன். இன்னும் என் காதுக்குள்ளயே இருக்கு."

இத்தனை வருஷமாக இந்தப் படியை மதினி சொன்னதில்லை தம்பி. நான் இருக்கும்போது சொன்னதில்லை. அவர் மொட்டை மாடியில் நின்றார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டாவது படியிலிருந்து அண்ணன் ஜன்னல் கைக்கு எட்டுகிற தூரம்.

பக்கத்துக் கட்டில் அம்மா உச்சுக் கொட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மதினி சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்போது கேட்டேன். சத்தமாகக் கேட்கவில்லை, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"மதினி, அண்ணன் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சே, நீங்க ஏன் போகல?"